மணமகளை அணிசெய்யும் கைகள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் இலக்கியம் பேசுவார்கள். தமிழின் தொன்மை பேசுவார்கள். நான் நூல் கற்றவள் அல்லேன், நூல் கோத்தவள். நாற்பது ஆண்டுகளாக நெய்யாற்றின்கரையிலும் பாறசாலையிலும் ஊசியும் கத்தரிக்கோலுமாய்க் காலங் கழித்தவள். ஆதலால் எனக்குத் தெரிந்த தொழிலைப்பற்றியே பேச விரும்புகிறேன். அதற்கு ஒரு காரணமும் உண்டு.

சென்ற ஆண்டு விழா முடிந்து பாய் சுருட்டும் வேளையில், நம் காலனியைச் சேர்ந்த ஒரு தாய் என்னைத் தனியே அழைத்துச் சென்றார். “அக்கா, என் மகள் பி.காம். முடித்துவிட்டாள். வங்கித் தேர்வு எழுதுவாள் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். அவளோ, மணப்பெண்ணுக்கு அலங்காரம் செய்யவும் கல்யாண உடை தைக்கவும் கற்கப் போகிறேன் என்கிறாள். நேரங்கெட்ட நேரத்தில் வீடு வருவாளே. நாளை அவளைப் பெண் கேட்டு வருகிறவர்கள் என்ன சொல்லுவார்கள்? விடலாமா அக்கா?” என்று கேட்டார்.

அன்று என்னால் உடனே விடை கூற இயலவில்லை. ‘விடுங்கள்’ என்றால் இத்தொழிலின் இன்னல்களை மறைத்தவள் ஆவேன். ‘வேண்டாம்’ என்றால் எனக்குச் சோறிட்ட தொழிலைப் பழித்தவள் ஆவேன். ஓராண்டு எண்ணிப் பார்த்து, அந்தத் தாய்க்கு இன்று இந்த அவையில் விடை சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில், நம் பக்கத்துக் கல்யாண மண்டபம் ஒன்றை மனக்கண்முன் நிறுத்துங்கள். மணமேடையில் ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். எல்லோரும் அவள் முகத்தைப் பார்க்கிறார்கள். அவள் மேனியில் இருப்பவை எங்கிருந்து வந்தன என்று யாரேனும் கேட்டதுண்டா? அவள் உடுத்த கசவுப் புடவை பாலராமபுரத்துத் தறியில் பிறந்தது. அவள் கூந்தலில் உள்ள பிச்சிப்பூ தோவாளைச் சந்தையிலிருந்து வந்தது. அவள் நெற்றிச்சுட்டியும் ஒட்டியாணமும் நாகர்கோவிலை அடுத்த வடசேரியின் கைவேலை. பாலராமபுரம் இன்று கேரளத்தில் இருக்கிறது. தோவாளையும் வடசேரியும் தமிழ்நாட்டில் இருக்கின்றன. 1956 நவம்பர் 1ஆம் நாள் களியக்காவிளையில் எல்லைக் கோடு வீழ்ந்தது. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. நிலம் பிரிந்தது, ஆயினும் மணமகளை அணிசெய்யும் கைகள் பிரியவில்லை. இன்றும் விடியுமுன் தோவாளையில் ஏற்றிய பூக்கூடை, முகூர்த்தத்துக்கு முன் நெய்யாற்றின்கரை வந்து சேர்ந்துவிடுகிறது.

இக்கைகளுள் முதலாவதாக நெசவாளியின் கையைக் காண்போம்.

நெய்யாற்றின்கரைத் தாலுகாவைச் சேர்ந்தது பாலராமபுரம். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராம வர்மாவின் பெயரைத் தாங்கிய ஊர் அது. அவர் ஆட்சியின் இறுதிக் காலத்தில் திவான் உம்மிணித் தம்பி தெற்கேயிருந்து சாலியர் குடும்பங்களை அழைத்து வந்து அங்கே குடியேற்றினார். வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஏழு குடும்பங்கள் என்று அங்குள்ளோர் சொல்லுவர். அரண்மனைக்கு வேண்டிய மெல்லிய ஆடைகளை நெய்வதே அவர்கள் பணி. அன்று வந்தவர்கள் தமிழ் பேசி வந்தார்கள். சாலியர் தெருக்களில் இன்றும் வீட்டுக்குள் தமிழ் ஒலிப்பதைக் கேட்கலாம். நண்பர்களே, புலம்பெயர்ந்த தமிழர் என்று நாம் நம்மைச் சொல்லிக்கொள்கிறோம். நமக்கு இருநூறு ஆண்டுகட்கு முன்பே இம்மண்ணுக்குப் புலம்பெயர்ந்து வந்து, இந்நாட்டு மணமகளுக்கு ஆடை கொடுத்த தமிழர் அவர்கள்.

அவர்கள் நெய்யும் முறையைச் சிறிது கேளுங்கள். தரையில் குழி தோண்டி, அதில் கால் வைத்து மிதிக்கும் குழித்தறி அது. கயிற்றை இழுத்து நாடாவை ஓட்டுவது எளிய வழி. பழைய முறையிலோ கையாலேயே நாடாவை ஒரு பக்கத்திலிருந்து எறிந்து, மறுகையால் பிடிக்க வேண்டும். வேலை மெதுவாக நடக்கும். ஆயினும் அந்தத் துணியின் கரையைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று கூற இயலாது. இரு முகமும் ஒன்றுபோல் இருக்கும். புளிய இலையின் அளவே உள்ள மெல்லிய கரையிட்ட ‘புளியிலைக்கரை’ நேரியதும், அகன்ற சரிகைக் கரையிட்ட கசவுப் புடவையும் அவ்வாறு பிறந்தவை. இப்பெருமைக்காகவே ‘பாலராமபுரம் சேலைகளும் மெல்லிய பருத்தித் துணிகளும்’ என்ற பெயரில் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

தறியில் அமர்பவர் ஒருவரே. அவருக்குப் பின்னால் வேலை செய்பவர் பலர். நூலை ஊறவைக்க வேண்டும். பாவு ஓட்ட வேண்டும். விடியற்காலையில் வெயில் ஏறுமுன் தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி தோய்த்து, இழை இழையாக வாரி, எண்ணெய் தடவி உலர்த்த வேண்டும். அறுந்த இழைகளைத் தேடிப் பிணைக்க வேண்டும். ஊடைக்குத் தார் சுற்ற வேண்டும். இவற்றுள் பெரும்பகுதி வீட்டுப் பெண்களின் வேலை. என் தாயும் தார் சுற்றியவர். இரவில் இராட்டையின் ஓசையைக் கேட்டபடியே நான் உறங்கியிருக்கிறேன். அக்கைகளுக்குத் துணியின் விலையில் என்ன பங்கு கிடைத்தது என்று அன்று நான் கேட்டதில்லை. இன்று கேட்கிறேன்.

இந்த ஆடைக்கு இந்நாட்டுத் திருமணத்தில் இருக்கும் இடமும் சிறிதன்று. மணமகன் தட்டில் வைத்துப் புடவை கொடுக்க, மணமகள் அதைக் கைநீட்டிப் பெறுவதையே மலையாளிகள் ‘புடவ கொடுக்கல்’ என்பர். மருமக்கள் வழிக் குடும்பங்களில் பண்டு அதுவே திருமணச் சடங்காக இருந்தது. நம் தமிழ்நாட்டிலும் முகூர்த்தப் புடவையைக் கூறைப்புடவை என்கிறோம். மயிலாடுதுறையை அடுத்த கூறைநாடு அப்பெயரோடு விளங்குகிறது. தாலிக்கு அடுத்தபடி இரு மொழியாரும் போற்றுவது நெசவாளி கொடுத்த துணியையே. கிளிமானூரில் பிறந்த இரவிவர்மா 1893இல் தீட்டிய ‘அதோ அப்பா வருகிறார்’ என்னும் ஓவியத்தில், குழந்தையை ஏந்தி நிற்கும் பெண் உடுத்தியிருப்பதும் கரையிட்ட முண்டும் நேரியதுமே. அந்த ஓவியத்தைத் தீட்டியவர் பெயரை உலகம் அறியும். அத்தகைய ஆடைகளை நெய்தவர் பெயரை யார் அறிவார்?

இனி, பூத்தொடுக்கும் கையும் நகை செய்யும் கையும். தோவாளையில் விடியுமுன்பே சந்தை கூடிவிடும். பிச்சியும் மல்லிகையும் அரளியும் கோழிக்கொண்டையும் அங்கே மலைபோல் குவியும். வெள்ளை அரளி, சிவப்பு அரளி, பச்சை இலை ஆகியவற்றை மடித்துப் பாய்போல் தட்டையாகப் பின்னுவதே மாணிக்க மாலை. அம்மாலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வடசேரியில் வெள்ளித் தகட்டில் செங்கற்களைப் பதித்து, பொன் தாள் ஒட்டிச் செய்யும் கோயில் நகைகளுக்கு அதற்குப் பல ஆண்டுகட்கு முன்பே அக்குறியீடு கிடைத்துவிட்டது. இறைவன் திருமேனிக்குச் செய்த அந்நகை, பின்னர் நாட்டியம் ஆடுவோர்க்கு வந்தது. இப்பொழுது மணமகளுக்கு வந்திருக்கிறது. வழக்கம் மாறும்போதெல்லாம் கைத்தொழிலாளி புதிய வாடிக்கையாளரைத் தேடிக்கொண்டே பிழைத்திருக்கிறான். பேஷன் என்று நாம் இலேசாகச் சொல்லும் மாறுதல், ஒரு தெருவுக்குச் சோறாகவும் முடியும், பசியாகவும் முடியும்.

அடுத்தது என் தொழில், தையல். இரவிக்கை தைப்பது என்ன பெரிய தொழில் என்று நினைப்பவர் இருக்கலாம். அவர்கள் இந்த மண்ணின் வரலாற்றை நினைத்துப் பார்க்க வேண்டுகிறேன். கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை ஆகிய இந்தத் தாலுகாக்களில், நாடார் குலப் பெண்கள் மார்பையும் தோளையும் மறைத்து உடுத்ததற்காகச் சந்தைவெளியில் அவமதிக்கப்பட்டார்கள். அவர்கள் மேலாடை கிழிக்கப்பட்டது. 1822 முதல் மூன்று முறை மூண்டெழுந்த தோள்சீலைப் போராட்டத்தின் முடிவில், 1859 ஜூலை 26ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாள் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். அப்பெண்கள் குப்பாயம் அணியலாம், முரட்டுத் துணியால் தோளை மூடலாம், ஆனால் மேற்குலப் பெண்களைப்போல் உடுத்தலாகாது என்றது அந்த அறிவிப்பு. அரைகுறையாகத்தான் அந்த உரிமை வந்தது. மீதியை மக்களே உடுத்தி உடுத்திப் பெற்றுக்கொண்டார்கள். இன்று அக்குடும்பங்களின் கொள்ளுப்பேத்திகள் என் கடைக்கு வந்து, “அக்கா, கழுத்து இவ்வளவு இறங்கட்டும், கை இவ்வளவு நீளட்டும்” என்று விரும்பியபடி அளவு சொல்லுகிறார்கள். அளவு நாடாவை எடுக்கும்போதெல்லாம், இந்தச் சொல்லுரிமைக்கு எத்தனை பேர் அடிபட்டார்கள் என்று எண்ணுகிறேன். உடையைத் தெரிந்தெடுக்கும் உரிமை ஒரு பெண்ணுக்கு அணிகலன். அந்த அணிகலனைச் செய்து கொடுக்கும் தொழில் எவ்வாறு இழிந்ததாகும்?

ஊசி வேலை பெண்ணுக்குக் கைப்பொருள் தந்த வரலாறும் நம் அருகிலேயே உண்டு. 1820களில் நாகர்கோவிலில் மிஷன் பள்ளி நடத்திய மார்த்தா மால்ட் அம்மையார் ஏழைச் சிறுமியர்க்கு லேஸ் பின்னக் கற்பித்தார். எழுத்தும் பின்னலும் ஒரே கூரையின்கீழ் கற்பிக்கப்பட்டன. கையில் சொந்தக் காசைக் கண்ட பெண், பிறர் முன் குனிந்து நிற்கும் நிலை சிறிது சிறிதாக மாறியது. ஆகவே, படித்த பெண் ஊசி எடுப்பதா என்று கேட்பவர்க்கு, இவ்வூர்ப் பக்கத்தில் படிப்பும் ஊசியும் ஒன்றாகவே வந்தன என்பதே என் மறுமொழி.

இதுவரை பெருமை பேசினேன். இன்னலையும் கூறாவிடில் அந்தத் தாய்க்கு நான் உண்மை சொன்னவள் ஆகமாட்டேன்.

நான் தொழிலுக்கு வந்த மூன்றாம் ஆண்டு, வேறொருவர் கடையில் கூலிக்குத் தைத்துக்கொண்டிருந்தேன். கடையின் பெயரும் ஊரும் வேண்டா. சிங்க மாதத்துக் கல்யாணம் ஒன்றுக்குப் பதினோர் இரவிக்கைகள் வந்தன. மணப்பெண்ணின் இரவிக்கையில் ஆரி வேலை; கையிலும் முதுகிலும் மணியும் சரிகையும் கோத்துத் தைக்க வேண்டும். நாங்கள் நான்கு பெண்கள் ஐந்து இரவுகள் கண் விழித்தோம். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னே ஏதோ மனத்தாங்கலால் மணம் நின்றுவிட்டது. துணியைக் கேட்டு யாரும் வரவில்லை. கடைக்காரர், “கல்யாணமே நடக்கவில்லை, கூலி எங்கிருந்து வரும்?” என்றார். அம்மணம் நின்றதை எண்ணி நானும் வருந்தினேன். ஆனால் நின்றது மணம். எங்கள் விரல்கள் நிற்கவில்லையே! அம்மாதம் என் வீட்டில் அரிசி கடனுக்கு வந்தது. அந்தப் பதினோர் இரவிக்கைகளில் ஒன்றைப் பல ஆண்டுகள் அக்கடையின் கண்ணாடிப் பெட்டியில் பொம்மைக்கு அணிவித்திருந்தார்கள். அவ்வழியே செல்லும்போதெல்லாம் என் கைவேலையை நானே நின்று பார்த்துவிட்டுப் போவேன். பின்னர்ச் சொந்தமாகக் கடை வைத்தபோது நான் எழுதி மாட்டிய முதல் வாசகம், ‘பாதிக் கூலி முன்பணம்’ என்பதே.

இத்தொழிலின் இன்னல்கள் பெரும்பாலும் ஒரு காரணத்திலிருந்தே பிறக்கின்றன. இது பருவத் தொழில். ஆவணியில் சிங்கம் பிறந்தால் மண்டபத்துக்கு மண்டபம் முகூர்த்தம். ஒரே நாளில் மூன்று மணமகள்கள் காத்திருப்பார்கள். ஆடியில், மலையாளிகளின் கர்க்கடகத்தில், ஒரு முகூர்த்தமும் இல்லை, மார்கழியிலும் அப்படியே. ஆறு மாத வருவாய் பன்னிரண்டு மாதம் உண்ண வேண்டும். வேலை மிகுந்த நாளில் வீட்டில் முகம் காட்ட நேரமில்லை; வேலையில்லாத நாளில் வீட்டுச் செலவுக்கு வழியில்லை. இதை அறியாமல் சிங்க மாதத்து வருவாயைக் கண்டு கடன் வாங்கிக் கடையைப் பெரிதாக்கி, கர்க்கடகத்தில் மூடியவர்கள் பலர்.

இரண்டாவது இன்னல், கூலி கைமாறக் கைமாறத் தேய்வது. ஒரு கசவுப் புடவையின் விலையில் கடையின் விளக்கும் விளம்பரமும் குளிர்சாதனமும் அடங்கும். கடைசிப் பங்குதான் தறிக்கு வரும். 2019-20இல் எடுத்த நான்காம் அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, இந்நாட்டில் 35 இலட்சத்துக்கு மேற்பட்டோர் கைத்தறியிலும் அதைச் சார்ந்த வேலைகளிலும் இருக்கிறார்கள். அவர்களுள் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் பெண்கள். அக்கணக்கிலேயே, நெசவுக் குடும்பங்களுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாக ஈட்டுவதாகத் தெரிந்தது. பிறகு நெசவாளியின் மகன் தறிக்குழியில் ஏன் இறங்கவில்லை என்று நாம் வியப்பதில் பொருள் இல்லை. விசைத்தறியில் நெய்த துணியில் சரிகைபோல் மின்னும் இழையை ஓட்டி, ‘பாலராமபுரம்’ என்று சொல்லி விற்பவரும் உண்டு. விலை குறைவு என்று நாம் வாங்குகிறோம். அப்பொழுது அந்தப் பெயரை இருநூறு ஆண்டு காத்தவன் வாயிலிருந்து ஒரு கவளம் குறைகிறது.

மூன்றாவது இன்னல், மரியாதை. கல்யாணப் புடவை விற்கும் பெரிய துணிக்கடைகளில் நிற்கும் பெண்களை நீங்கள் அறிவீர்கள். புடவை எடுக்கும் நமக்கு நாற்காலியும் குளிர்பானமும் வரும். மலைபோல் புடவைகளை விரித்துக் காட்டும் அவர்களுக்கு உட்கார இடமில்லை. காலையில் நின்றவர்கள் இரவுவரை நிற்பார்கள். இதை எதிர்த்து முதலில் குரல் எழுப்பியவர் யார் தெரியுமா? கோழிக்கோட்டில் தையல் தொழில் செய்த விஜி என்னும் பெண்மணி. ‘பெண்கூட்டு’ என்னும் அமைப்பைக் கட்டி, கடைத் தெருவில் வேலை செய்யும் பெண்களை அவர் ஒன்றுசேர்த்தார். கழிப்பறை வேண்டும், உட்கார இருக்கை வேண்டும் என்பவையே அவர்கள் கேட்டவை. 2018இல் கேரள அரசு கடைகள் பற்றிய சட்டத்தைத் திருத்தி, உட்காரும் உரிமையை வழங்கியது. 2021இல் தமிழ்நாடும் அவ்வாறே சட்டம் திருத்தியது. ஒரு தையற்காரியின் சொல் இரு மாநிலச் சட்டத்தை மாற்றியது என்பதை நம் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். சட்டம் வந்துவிட்டது, இருக்கை போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பது வாங்கப் போகும் நம் கடமை.

இனி, தொழில் கற்க விரும்பும் அந்தப் பெண்ணுக்குச் சில சொற்கள்.

மகளே, முதலில் முழுமையாகக் கற்றுக்கொள். மூன்று நாள் வகுப்பில் சான்றிதழ் தருவோரை நம்பாதே. அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் தையலுக்கும் அழகுக் கலைக்கும் முறையான பிரிவுகள் உண்டு. அவற்றில் சேர், பின் தேர்ந்த ஒருவரிடம் இரண்டு சிங்க மாதமாவது துணையாக இருந்து கைப்பழக்கம் பெறு. புடவை மடிப்பைக் குத்தும் ஊசி எங்கே தெரியக் கூடாது, ஐந்து மணி நேரம் அமர்ந்தாலும் எந்த மடிப்பு கலையாது என்பனவற்றைப் புத்தகம் கற்பிக்காது.

இரண்டாவதாக, மணமகளின் உடம்புக்குத் தீங்கு செய்யாதே. ‘ஒரு வாரத்தில் வெளுப்பாக்குவேன்’ என்று ஒருநாளும் வாக்குக் கொடாதே. வெளுப்பாக்கும் பூச்சுகள் சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கிறது. 2023இல் மலப்புறம் மாவட்டத்தில் அத்தகைய பூச்சுகளைப் பயன்படுத்தியவர்களுக்குச் சிறுநீரக நோய் வந்ததை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் ‘ஆபரேஷன் சௌந்தரியா’ என்ற பெயரில் கடைகளைச் சோதித்தது. உற்பத்தியாளர் பெயரும் உரிம எண்ணும் இல்லாத குப்பியைத் தொடாதே. ‘கருமருதாணி’ என்று விற்கும் சாயக் கலவையும் தோலைக் கொப்புளிக்கச் செய்யும். மருதாணி இலையே போதும். கறுத்த பெண்ணைக் கறுத்த பெண்ணாகவே அழகுபடுத்தத் தெரிந்தவளே இத்தொழிலில் வல்லவள்.

மூன்றாவதாக, நீ வணிகவியல் படித்தவள்; அந்தப் படிப்பு வீண் என்று யாரேனும் சொன்னால் நம்பாதே. இத்தொழிலில் கைத்திறம் உள்ளவர் பலர். கணக்குத் தெரிந்தவர் சிலர். முன்பணம், நாள், வேலை, மணம் நின்றால் என்ன செய்வது, இவை நான்கையும் எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள். ஆடி மாதத்துக்கென்று ஆவணியிலேயே ஒரு பங்கை எடுத்து வை. தையல் தொழிலாளர் நலனுக்கென்று கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் வாரியங்கள் உண்டு. அவற்றில் பெயரைப் பதிவு செய். 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ அமைப்பின் குழுக்கள் நம் ஊர்தோறும் இருக்கின்றன. தனியாகக் கடன் வாங்குவதைவிடக் குழுவாக நின்று தொழில் தொடங்குவது நலம். விடியற்காலை முகூர்த்தத்துக்குச் செல்லும்போது துணைக்கு ஒருத்தியை அழைத்துச் செல். போகவர வண்டிச் செலவை மணவீட்டாரே ஏற்க வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடு. நாளை உன்னிடம் நான்கு பெண்கள் வேலைக்கு வருவார்கள். மணம் நின்றாலும் அவர்கள் கூலி நிற்கலாகாது. இதை மட்டும் எனக்காக நினைவில் வை.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு சொல். மருத்துவமனைச் செவிலி இரவில் வீடு வந்தால் தொண்டு என்கிறோம். கணிப்பொறி அலுவலகப் பெண் இரவில் வந்தால் உத்தியோகம் என்கிறோம். மணமகளை அலங்கரித்த பெண் இரவில் வந்தால் மட்டும் புருவத்தை நெரிக்கிறோம். நம் வீட்டுப் பெண்ணின் திருமணத்துக்கு அவள் வர வேண்டும். நம் வீட்டு மருமகளாக மட்டும் வரலாகாதா? பெண் கேட்டு வருகிறவர்கள் என்ன சொல்லுவார்கள் என்று அந்தத் தாய் அஞ்சினார். பெண் கேட்டுப் போகிறவர்களும் இந்தக் காலனியில் உள்ள நாம்தானே? நாம் திருந்தினால் அந்த அச்சத்துக்கு இடம் ஏது?

வாங்குவோராகிய நாமும் செய்யத்தக்கன சில உண்டு. நம் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு துணியாவது தறிக்காரரிடமோ அவர்களுடைய கூட்டுறவுச் சங்கத்திலோ வாங்குவோம். பாலராமபுரம் நெய்யாற்றின்கரைக்கு அடுத்துத்தான் இருக்கிறது. 1979இல் இருப்புப்பாதை வந்த பிறகு பாறசாலையிலிருந்தும் சிறு தொலைவே. கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். துணியின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். நெய்யும்போது துணி சுருங்காமல் இழுத்துப் பிடிக்கும் கோலின் சிறு ஊசித்துளைகள் இரு ஓரத்திலும் தெரியும். அச்சடித்தாற்போல் ஒரு குற்றமும் இல்லாதிருந்தால் ஐயம் கொள்ளுங்கள். இலட்சக்கணக்கில் மண்டபத்துக்கும் விருந்துக்கும் செலவிடும் நாம், தையற்காரியிடமும் பூக்காரியிடமும் ஐம்பது ரூபாய்க்கு வாதாடுவதை விடுவோம். கடன் சொல்லாமல், மணநாளுக்கு முன்பே அவர்கள் கணக்கைத் தீர்ப்போம்.

இச்சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஆண்டுதோறும் நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கிறீர்கள்; மிக நன்று. வரும் ஆண்டு முதல், கைத்தொழில் ஒன்றை முறையாகக் கற்றுத் தேர்ந்த ஒரு பெண்ணையும் இதே மேடையில் அழைத்துப் பரிசு கொடுங்கள். கைதட்டுகிற ஓசையை அவளுடைய தாயும் கேட்கட்டும்; அவளைப் பெண் கேட்டு வரப்போகிறவர்களும் கேட்கட்டும்.

சென்ற ஆண்டு என்னிடம் கேட்ட அந்தத் தாய் இந்த அவையில் எங்கேயோ அமர்ந்திருக்கிறார் என்று நம்புகிறேன். தங்கச்சி, இதோ என் விடை: விடு. கண்ணை மூடிக்கொண்டு விடாதே. தொழிலின் நன்மையும் தீமையும் அறிந்து விடு. அவள் நன்றாகக் கற்கட்டும், நேராகக் கணக்கெழுதட்டும், தன்னிடம் வேலை செய்வோர்க்குக் கூலியைக் குறைக்காதிருக்கட்டும். எத்தனையோ பெண்களை மணமேடையில் அமர்த்தி அழகு பார்க்கும் பேறு அவளுக்குக் கிடைக்கும். ஒரு நாள் அவளே மணமேடையில் அமர்வாள். அப்பொழுது அவள் உடுத்தும் புடவையை நெய்தவர் யார், பூவைத் தொடுத்தவர் யார், இரவிக்கை தைத்தவர் யார் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். அந்த இரவிக்கையைத் தைக்கும் வேலையை என்னிடமே கொடுக்க வேண்டும் என்று இப்பொழுதே கேட்டுக்கொள்கிறேன். அதற்கு மட்டும் முன்பணம் வாங்கமாட்டேன்.